ஹாரூன் பெயர் தாங்கிய ஊரில் ஒரு காற்பந்துக் கழகம்

அரபி இலக்கணம் ஓதியவர்கள் அல்-அஃலம் அஷ்ஷந்தமரீ என்னும் பெயரை அறியாதிருக்க மாட்டார்கள். சீபவைஹியின் ‘அல்-கிதாப்’ நூலில் சான்றுகளாக வரும் கவிதையடிகளுக்கும், இம்ருவுல் கைஸ் முதலாக ஜாஹிலிய்யாக் காலப் புலவர் அறுவரின் தீவான்களுக்கும் உரை வரைந்த பேராசான் அவர். இயற்பெயர் யூசுஃப் இப்னு சுலைமான். மேலுதடு பிளவுபட்டிருந்தமையால் ‘அஃலம்’ என்று அழைக்கப்பட்டார். ஹிஜ்ரி 410இல் பிறந்து, குர்துபாவில் கற்று, முதுமையில் கண்ணொளி இழந்து, ஹிஜ்ரி 476இல் இஷ்பீலியாவில் மறைந்தார். ‘ஷந்தமரீ’ என்பது அவர் பிறந்த ஊரைக் குறிக்கும் நிஸ்பா. உரைநூலின் முகப்பில் அச்சொல்லைப் படித்துவிட்டு நாம் அப்பாற் சென்றுவிடுகிறோம். அவ்வூர் எங்கே இருக்கிறது, இன்று அங்கே என்ன நடக்கிறது என்று கேட்பவர் அரியர்.

ஷந்தமரிய்யத்துல் கர்பு என்ற அவ்வூர், இன்றைய போர்ச்சுகல் நாட்டின் தென்கோடிக் கடற்கரையில் உள்ள ஃபாரோ ஆகும். ஊரும் அதைச் சுற்றியுள்ள வட்டாரமும் சேர்ந்தே ஏறத்தாழ 65,000 மக்கள்தாம். உப்பளங்களும் கழிமுகத் தீவுகளும் சூழ்ந்த சிறிய துறைமுகம். அங்கே நூறாண்டு கடந்த ஒரு காற்பந்துக் கழகம் இருக்கிறது. ஸ்போர்ட்டிங் கிளப் ஃபாரென்ஸ் என்பது அதன் பெயர். இக்கட்டுரை அக்கழகத்தின் வரலாறு. இலக்கியத் திங்களிதழில் காற்பந்துக்கு என்ன வேலை என்று முதியோர் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். அன்னவர்கள் சற்றுப் பொறுத்திருந்து இறுதிவரை படிக்க வேண்டுகிறேன்.

முதலில் ஊரின் பெயரைப் பார்ப்போம். கி.பி. 11ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், குர்துபாவின் உமையாக் கிலாஃபத் சிதறிச் சிற்றரசுகள் முளைத்த காலத்தில், இத்துறைமுகத்தைத் தலைநகராகக் கொண்டு ஸயீத் இப்னு ஹாரூன் என்பவர் ஓர் அரசை நிறுவினார். அவருக்குப்பின் அவருடைய மகன் முஹம்மது ஆண்டார். அக்குடும்பத்தை வைத்து ஊருக்கு ‘ஷந்தமரிய்யா இப்னு ஹாரூன்’ என்ற வழக்கு உண்டாயிற்று. 1050ஐ ஒட்டிய ஆண்டுகளில் இஷ்பீலியாவின் அல்-முஃததித் இச்சிற்றரசைத் தன் நாட்டோடு சேர்த்துக்கொண்டார். ஆட்சி போயிற்று, பெயர் நிலைத்தது. அரபியின் தொண்டையெழுத்துகள் சில போர்ச்சுகீசியர் நாவில் ‘ஃப’ ஒலியாக மாறுவதுண்டு. தையற்காரரைக் குறிக்கும் ‘அல்-கய்யாத்’ அவர்களிடம் ‘அல்ஃபயாத்’ ஆயிற்று. இலைக்கோசை ஒத்த ‘அல்-கஸ்’ என்னும் கீரை ‘அல்ஃபாஸ்’ ஆயிற்று. தலையணையாகிய ‘அல்-மிகத்தா’ ‘அல்மொஃபாதா’ ஆயிற்று. அவ்வழியே ஹாரூன் ஃபாரோன் ஆகி, ஈற்றெழுத்தும் தேய்ந்து ஃபாரோ என நின்றது. நபி ஹாரூன் (அலை) அவர்களின் திருப்பெயரைச் சூடிய ஒரு குடும்பத்தின் நினைவு, அதை அறியாதவர்களின் நாவிலும் நாள்தோறும் ஒலிக்கிறது. கழகத்தின் பெயரான ‘ஃபாரென்ஸ்’ என்பதற்கு ‘ஃபாரோ ஊராருடையது’ என்பதே பொருள்.

1249ஆம் ஆண்டு மூன்றாம் அஃபோன்சோ மன்னர் இவ்வூரைக் கைப்பற்றினார். அத்துடன் போர்ச்சுகல் மண்ணில் இஸ்லாமிய ஆட்சி முற்றுப்பெற்றது. ஆயினும் மக்கள் உடனே வெளியேறிவிடவில்லை. 1269இல் அதே மன்னர் சில்வெஷ், தவீரா, லூலே, ஃபாரோ ஆகிய நான்கு ஊர்களின் முஸ்லிம்களுக்கு உரிமைச் சாசனம் ஒன்று வழங்கினார். கோட்டைக்கு வெளியே தங்கள் குடியிருப்பில், வரி செலுத்திக்கொண்டு, அவர்கள் மேலும் இரண்டேகால் நூற்றாண்டு வாழ்ந்தார்கள். யூதர்களும் வாழ்ந்தார்கள். போர்ச்சுகலில் அச்சான முதல் நூல் 1487இல் இவ்வூரில் சாமுவேல் காக்கோன் என்ற யூதர் எபிரேய எழுத்தில் அச்சிட்ட தவ்ராத் என்பதை இங்கே குறிப்பிடாமற் செல்ல மனம் வரவில்லை. 1496 டிசம்பரில் முதலாம் மனுவேல் மன்னர் இரு சமயத்தாரையும் நாட்டைவிட்டு வெளியேறப் பணித்தார். மறு ஆண்டு அக்டோபர் வரை அவகாசம். அந்த 1497ஆம் ஆண்டின் ஜூலைத் திங்களில்தான், அதே மன்னரின் ஆணைப்படி, வாஸ்கோ ட காமாவின் கப்பல்கள் கள்ளிக்கோட்டையை நோக்கிப் பாய் விரித்தன. நம் கடற்கரை மரைக்காயர்கள் பறங்கியர் என்று பெயரிட்டு அஞ்சியும் எதிர்த்தும் நின்ற அந்தக் கூட்டம், தன் சொந்த நாட்டின் முஸ்லிம்களை வெளியேற்றிய கையோடு இங்கே வந்த கூட்டம் என்பது, நம் நூல்களில் போதிய அழுத்தத்துடன் எழுதப்படாத செய்தி.

அந்நாட்டு மன்னர்கள் தங்களைப் ‘போர்ச்சுகலுக்கும் அல்கார்வ்களுக்கும் அரசர்’ என்று எழுதிக்கொண்டார்கள். அல்கார்வ் என்பது ‘அல்-கர்பு’, மேற்கு என்னும் அரபுச் சொல்லே. அந்தப் பட்டம் 1910 அக்டோபர் 5ஆம் நாள் முடியாட்சி ஒழிந்து குடியரசு பிறந்தபோது மறைந்தது. கடைசி மன்னரின் பெயரும் மனுவேல்தான். அவ்வாண்டே, ஏப்ரல் முதல் நாள், ஃபாரோவின் இளைஞர்கள் சிலர் கூடித் தங்கள் கழகத்தைத் தொடங்கியிருந்தார்கள். கறுப்பும் வெள்ளையும் அதன் நிறங்கள். தலைநகர் லிஸ்பனில் உள்ள ஸ்போர்ட்டிங் கழகத்தின் கிளைக் கழகமாக அது அமைந்தது. தாய்க் கழகத்தின் சின்னமான சிங்கமும் உடன் வந்தது; அன்றுமுதல் இவ்வணியினர் ‘ஃபாரோவின் சிங்கங்கள்’. நகரினுள்ளேயே, வீடுகளுக்கு நடுவே, சான் லூயிஸ் என்னும் சிறு மைதானம் அவர்களுக்குக் கிடைத்தது. இன்றும் அதுவே அவர்களின் வீடு. ஏழாயிரம் பேர் வந்தால் நிறைந்துவிடும்.

போர்ச்சுகீசியக் காற்பந்தின் கட்டமைப்பைச் சிறிது விளக்கினாலன்றி இக்கழகத்தின் பெருமையும் துயரமும் விளங்கா. அங்கே பென்ஃபிகா, போர்ட்டோ, ஸ்போர்ட்டிங் என்று மூன்று பெருங்கழகங்கள் இருக்கின்றன. தேசிய முதற்பிரிவு தொடங்கிய காலந்தொட்டு, 1945-46இல் பெலனென்சஸ், 2000-01இல் போவிஷ்டா என இரண்டே முறை தவிர, வாகையர் பட்டம் இம்மூன்றையும் விட்டு வெளியே சென்றதில்லை. பணமும் பத்திரிகையும் ஆதரவாளரும் அங்கேயே குவிகின்றன. மற்ற ஊர்களிலும், உள்ளூர் அணிமீது பாசம் வைத்திருக்கும் பலருக்கு இந்த மூன்றில் ஒன்றின்மீது இரண்டாவதொரு பாசம் இருப்பதுண்டு. ஆதலால் சிற்றூர்க் கழகம் ஒன்றுக்கு நான்காம், ஐந்தாம் இடமே வாகைக்கு ஒப்பானது. கழகம் என்பது அங்கே நெடுங்காலமாக உறுப்பினர்களின் உடைமை. ஊரார் சந்தா செலுத்துவார்கள்; கூடித் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள்; வரவு செலவுக் கணக்கைக் கேட்பார்கள். நமது மஹல்லாக்களின் ஜமாஅத் நிருவாகத்தை நினைத்துக்கொண்டால் வாசகர்க்கு எளிதில் விளங்கும்.

அறுபது ஆண்டுகள் ஃபாரென்ஸ் கீழ்ப்பிரிவுகளிலேயே காலங்கழித்தது. பக்கத்து மீனவ ஊரான ஒல்யாவுங்கின் கழகம் 1924இலேயே போர்ட்டோவை 4-2 என்று வென்று நாட்டின் வாகையராகியிருந்தது. ஏழெட்டுக் கல் தொலைவில் அப்படியொரு பெருமை இருக்க, மாவட்டத் தலைநகராகிய ஃபாரோ வெறுங்கையுடன் நிற்பது ஊராருக்கு எவ்வளவு உறுத்தியிருக்கும் என்பதை, பக்கத்து ஊரோடு எல்லாவற்றிலும் போட்டியிடும் நம்மவர்க்கு நான் விளக்கவேண்டியதில்லை. 1965இல் ஃபாரோவில் விமான நிலையம் திறக்கப்பட்டது. வட ஐரோப்பியர் வெயில் காய வந்தார்கள். உப்பும் மீனும் அத்திப்பழமும் விற்ற கரையில் உணவு விடுதிகள் எழுந்தன. ஊரில் பணம் புழங்கலாயிற்று. ஐந்தாண்டுகளுக்குள், 1970-71 பருவத்தில், ஃபாரென்ஸ் முதன்முறையாக முதற்பிரிவில் கால்வைத்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டென்றே நான் கருதுகிறேன். 1976 வரை நிலைத்து, பின் இறங்கி, எண்பதுகளில் இருமுறை ஏறி இருமுறை இறங்கியது. அக்கால விவரங்களை வரிசையாகச் சொல்வதாற் பயனில்லை.

திருப்பம் ஒரு கத்தலோனியரால் வந்தது. பார்சலோனாவின் முன்னாள் ஆட்டக்காரரான பாக்கோ ஃபோர்ட்டஸ் 1984இல் ஃபாரோவுக்கு ஆட வந்தார். ஆட்டத்தை விட்டபின் ஊரை விட்டுப் போகாமல் அவ்வணிக்கே பயிற்சியாளரானார். அவர் தலைமையில் 1989-90 பருவத்தில், இரண்டாம் பிரிவில் இருந்துகொண்டே, ஃபாரென்ஸ் போர்ச்சுகல் கோப்பையின் இறுதிப் போட்டிவரை சென்றது. லிஸ்பன் தேசிய மைதானத்தில் எஷ்ட்ரெலா த அமதோராவுடன் முதல் ஆட்டம் 1-1 என முடிந்தது. அக்காலத்தில் முடிவு எட்டாவிடில் மறு ஆட்டம். அதில் 2-0 எனத் தோற்றது. கோப்பை கைநழுவினாலும் அவ்வாண்டே முதற்பிரிவுக்கு ஏறியது. அதன்பின் பன்னிரண்டு பருவங்கள் இடைவிடாமல் அங்கே நின்றது. பெருங்கழகத்தின் பணமின்றி, ஒரு சிறு மைதானத்தை வைத்துக்கொண்டு, பன்னிரண்டு ஆண்டு நிற்பது எளிய செயலன்று.

அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில்தான் நம் கதை தொடங்கிய இடத்திற்குக் காலம் தானே திரும்பிச் சென்றதுபோல் ஒன்று நடந்தது. 1992இல் ஹஸன் நாதிர் என்ற மொராக்கோ இளைஞர் ஃபாரோ வந்தார். 1965இல் காசாபிளாங்காவில் பிறந்தவர். அவ்வூரின் வெதாத் கழகத்தில் ஆடி, ஸ்பெயினின் மயோர்க்கா அணியில் இரு பருவம் கழித்துவிட்டு வந்தவர். அவருக்கு முன்னரே ஹஜ்ரி ரித்வான் என்ற மற்றொரு மொராக்கோ ஆட்டக்காரர் பென்ஃபிகா வழியாக அங்கு வந்து சேர்ந்திருந்தார். இவர்கள் ஏன் அங்கே போனார்கள் என்று வியப்பதற்கில்லை. நிலப்படத்தை விரித்து நேர்கோட்டில் அளந்தால், ஃபாரோவுக்குத் தன் நாட்டின் போர்ட்டோ நகரத்தைவிடக் காசாபிளாங்காவே அருகில் இருக்கிறது. இடையில் ஒரு கடல். 1497இல் வெளியேற்றப்பட்டவர்களில் பலர் கடந்து சென்றதும் அந்தக் கடலைத்தான்.

1994 ஜூனில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் ஹஸன் தன் நாட்டுக்காக ஆடினார். மொராக்கோ தன் மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. அவற்றுள் ஒன்று சவூதி அரபியாவிடம் பெற்ற தோல்வி. நெதர்லாந்துக்கு எதிரான கடைசி ஆட்டத்தில் மொராக்கோவின் ஒரே கோலை அடித்தவர் ஹஸன். ஊர் திரும்பியதும் தொடங்கிய 1994-95 பருவத்தில் அவர் ஆடிய ஆட்டத்தை ஃபாரோ மறக்கவில்லை. அப்பருவத்தில் அவர் அடித்த கோல்கள் 21. பென்ஃபிகாவிலும் போர்ட்டோவிலும் ஸ்போர்ட்டிங்கிலும் விலையுயர்ந்த முன்வரிசை ஆட்டக்காரர்கள் இருக்க, முதற்பிரிவின் அதிக கோலடித்தவருக்குரிய ‘வெள்ளிப் பந்து’ விருது சான் லூயிஸ் மைதானத்துக்கு வந்தது. போர்ட்டோ, ஸ்போர்ட்டிங், பென்ஃபிகா, கிமராயிஷ் நகரின் வித்தோரியா ஆகிய நான்குக்கும் அடுத்து ஃபாரென்ஸ் ஐந்தாம் இடம் பெற்றது. அக்கழகம் அதற்கு முன்னும் பின்னும் எட்டாத உயரம் அது. அதன் பயனாக 1995 செப்டம்பரில், வரலாற்றில் முதன்முறையாக, ஐரோப்பியக் கோப்பைப் போட்டியொன்றில் நுழைந்தது. யூயெஃபா கோப்பையின் முதற்சுற்றில் பிரான்சின் லியோன் கழகம் இரண்டு ஆட்டங்களிலும் ஒற்றைக் கோலால் வென்றது. ஐரோப்பியப் பயணம் அவ்வளவே.

அதற்குள் ஹஸன் அங்கு இல்லை. அவரைப் பென்ஃபிகா வாங்கிவிட்டது. சிற்றூர் வளர்த்த ஆட்டக்காரர் பெருநகருக்குச் செல்வது அந்த ஏற்பாட்டின் இயல்பு. திரும்பி வருவது இயல்பன்று; ஹஸன் வந்தார். 1997இல் மீண்டும் ஃபாரென்ஸ் சட்டையை அணிந்தார். கழகம் முதற்பிரிவை இழந்த பின்னரும், வயது நாற்பதை நெருங்கிய காலத்தில், அந்தச் சட்டையைக் கழற்றவில்லை.

இங்கே எனக்கு ஒன்று சொல்லவேண்டியிருக்கிறது. அந்தலுஸைப் பற்றி நம்மவர் எழுதும்போது அழுகை மட்டுமே எழுதப்படுகிறது. குர்துபாவின் தூண்கள், கர்னாத்தாவின் கடைசிப் பெருமூச்சு, பின் கண்ணீர். நானும் மாணவனாய் இருந்த நாளில் அவ்வாறான கட்டுரைகளைப் படித்து விம்மியவன்தான். ஆனால் அந்த எழுத்தில் 1492க்குப்பின் அம்மண்ணில் மனிதரே வாழாததுபோன்ற ஒரு மயக்கம் இருக்கிறது. ஃபாரோவின் கோட்டை வாயிலினுள்ளே 11ஆம் நூற்றாண்டின் குதிரைலாட வளைவு ஒன்று இன்றும் நிற்கிறது. அதைப் பார்த்து அழுவது எளிது. அந்த வாயிலைக் கடந்து ஞாயிறுதோறும் மைதானம் சென்ற கிறித்தவக் குடும்பங்கள், ஹஸன் என்னும் பெயரை ஒரே குரலில் கூவி மகிழ்ந்தன என்பதை எங்கே வைப்பது? ‘அப்படியே ஆகட்டும்’ என்ற விருப்பத்தைச் சொல்ல அவர்கள் மொழியில் ‘ஒஷலா’ என்று ஒரு சொல் உண்டு. அதனுள்ளே ‘ஷாஅல்லாஹ்’ ஒளிந்திருக்கிறது. அவர்களிற் பெரும்பாலோர் அதை எண்ணிச் சொல்வதில்லை. கழகத்தைத் தொடங்கிய இளைஞர்கள் பனூ ஹாரூனை நினைத்துத் தொடங்கினார்கள் என்றோ, ஹஸன் வந்ததால் 1497இன் அநீதி நேராயிற்று என்றோ நான் சொல்லத் துணியமாட்டேன். காற்பந்து அவ்வளவு பாரம் தாங்காது. ஆயினும் ஒரு வாயில் ஐந்நூறு ஆண்டு கழித்துத் திறந்ததை, அது சிறு வாயில் என்பதற்காக எழுதாமல் விடுவதும் வரலாற்றாசிரியனுக்கு முறையாகாது.

இனிக் கழகத்தின் வீழ்ச்சி. 1997ஆம் ஆண்டின் 67ஆம் எண் சட்ட ஆணை, தொழில்முறைப் போட்டிகளில் ஆடும் கழகங்கள் தங்கள் காற்பந்துப் பகுதியைப் பங்குக் கம்பெனியாகப் பிரித்துக்கொள்ள வழிவகுத்தது. அவ்வாறு செய்யாத கழகங்களின் நிருவாகிகள் கடனுக்குத் தனிப்பட்ட பொறுப்பேற்கும் கடுமையான விதிகளும் அதில் இருந்தன. நோக்கம் நல்லதே, கணக்கில்லாமற் செலவழித்த காலத்துக்கு முடிவுகட்ட விரும்பினார்கள். ஆனால் சிறு கழகங்களின் வருவாய் முதற்பிரிவில் இருக்கும்வரைதான். தொலைக்காட்சிப் பணம், பெருங்கழகங்கள் வரும் நாளின் நுழைவுச்சீட்டு, ஆட்டக்காரரை விற்கும் தொகை ஆகிய மூன்றும் ஒருங்கே வற்றும் நாள், கீழிறங்கும் நாளே. செலவோ அன்று வற்றுவதில்லை, ஒப்பந்தங்கள் கையொப்பமாகியிருக்கும். கடனைப் பற்றி நமது ஃபிக்ஹு நூல்கள் ஏன் அத்தனை பக்கம் எழுதின என்பது இத்தகைய கணக்கேடுகளைப் பார்த்தால் விளங்கும். 2002இல் ஃபாரென்ஸ் முதற்பிரிவிலிருந்து விழுந்தது. 2003இல் இரண்டாம் பிரிவிலிருந்தும் விழுந்தது. அங்கும் நிற்கவில்லை. சில ஆண்டுகளில் முதன்மை அணியையே நடத்தவியலாத நிலை வந்து, 2006-07 பருவத்தில் அல்கார்வ் மாவட்டத்தின் அடிமட்டப் பிரிவில், சிற்றூர் அணிகளோடு மீண்டும் முதற்படியிலிருந்து தொடங்கியது. ஐரோப்பியக் கோப்பையில் ஆடிய அணி பதினோராண்டில் அடைந்த இடம் அது.

அதே ஆண்டுகளில் நிகழ்ந்த ஒரு விந்தையையும் சொல்லவேண்டும். 2004ஆம் ஆண்டின் ஐரோப்பிய வாகையர் போட்டியைப் போர்ச்சுகல் ஏற்று நடத்தியது. அதற்கென ஃபாரோவுக்கும் லூலேக்கும் இடையே முப்பதாயிரம் இருக்கைகளுடன் அல்கார்வ் மைதானம் எழுப்பப்பட்டது. அப்போட்டியின் மூன்று ஆட்டங்கள் அங்கே நடந்தன. விருந்தினர் போயினர். மாவட்டத்தின் தலைமைக் கழகம் கடனில் மூழ்கிக்கொண்டிருக்க, அதன் வாயிலுக்கு வெளியே அவ்வளவு பெரிய மாளிகை குடியின்றி நின்றது. மேலிருந்து வரும் திட்டங்களுக்கும் ஊரின் தேவைக்கும் உள்ள இடைவெளிக்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

அடிமட்டத்திலும் ஊரார் கைவிடவில்லை. சந்தா செலுத்தினார்கள், சான் லூயிஸுக்கு வந்தார்கள். ஒவ்வொரு படியாக ஏறி 2013இல் இரண்டாம் பிரிவை எட்டியது கழகம். 2016இல் வழுக்கி, 2018இல் மீண்டது. 2019-20 பருவத்தைக் கொரோனாக் கொள்ளைநோய் பாதியில் நிறுத்தியபோது ஃபாரென்ஸ் இரண்டாம் இடத்தில் இருந்தது. நின்ற நிலையிலேயே முதலிரண்டு அணிகளை ஏற்றுவதென்று முடிவாயிற்று. பதினெட்டு ஆண்டுகளுக்குப்பின் முதற்பிரிவு! ஆனால் திரும்பி வந்த அந்தப் பருவத்தில் மக்கள் மைதானத்துக்கு வரத் தடையிருந்தது. தகப்பன் சொல்லக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அதைத் தொலைக்காட்சியிற் கண்டார்கள். ஒரே பருவத்தில் கீழிறங்கியது. 2023இல் மீண்டும் ஏறி, 2023-24இல் பத்தாம் இடத்தில் நிலைத்தது. அப்போது மைதானம் நிறைந்தது. மறு பருவம் பதினேழாம் இடத்தில் முடிந்து, 2025-26ஐ இரண்டாம் பிரிவில் தொடங்கியது.